நெல்லைச் சீமையின் மணற்பாங்கான செம்மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கடலையோ முருங்கையோ எலுமிச்சையோ, எந்தச் சாகுபடிக் குறிப்பை எடுத்தாலும் முதல் வரி ஒன்றுதான்: "நல்ல வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான செம்மண் ஏற்றது." அதற்கு மேல் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நாங்குநேரி, ராதாபுரம், வள்ளியூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் ஏக்கருக்கு.

செம்மண்ணுன்னா எல்லாம் ஒண்ணுதானே? அதுல என்ன மணற்பாங்கு?

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிவப்பு, இரும்பு ஆக்சைடு தந்தது. களி மிகுந்த மண்ணும் சிவப்பாக இருக்கும், வெறும் மணலும் சிவப்பாக இருக்கும். மண்ணின் குணத்தைத் தீர்மானிப்பது மணல், வண்டல், களி என்ற மூன்று துகள்களின் விகிதம். மணல் கண்ணுக்குத் தெரியும், 0.05 முதல் 2 மி.மீ. வரை. களித்துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது. நூற்றில் 55 முதல் 75 பங்கு மணலும், 10 முதல் 20 பங்கு களியும், மீதி வண்டலும் இருந்தால் அதுதான் குறிப்பில் சொல்லும் மண்.

மணல் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி விடும். களிதான் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். இந்த மண்ணில் வழி அதிகம், பிடிப்பு குறைவு. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை.

லேபுக்குப் போகாம, எங்க மண்ணு அதுதானான்னு எப்படிப் பாக்கது?

ஒரு எலுமிச்சை அளவு மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பதம் வரும்வரை தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உருண்டை பிடிக்க வரவேண்டும், விரலில் நறநறவென்று மணல் தட்டவேண்டும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாபோல் மேலே தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளத்துக்குள் ஒடிந்தால் மணற்பாங்கான இருபொறை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த, குறிப்பில் சொல்லும் மண். 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் நீண்டால் களிமண். உருண்டை பிடித்தும் நாடா வரவில்லையென்றால் மணல் மிஞ்சிய மண். உருண்டையே நிற்காவிட்டால் வெறும் மணல்.

இன்னும் கணக்காகப் பார்க்க, நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு சிட்டிகை துணி சோப்புத்தூள், மீதி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் படிவது களி. ஒவ்வொரு மட்டத்தையும் அந்தந்த நேரத்தில் பாட்டிலில் கோடு போட்டுக்கொள்ளவேண்டும். கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் எல்லை தெரியாது. மொத்தப் படிவு 10 செ.மீ. என்றால் மணல் 6–7 செ.மீ. இருப்பது சரியான மண். சரள் கல்லை இதில் சேர்க்கவே கூடாது. சலித்த மண்ணைத்தான் போடவேண்டும்.

வடிகால் நல்லா இருக்குன்னு எதை வச்சுச் சொல்லுதாவ?

ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். இந்த முதல் நிரப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் அப்படியே உறிஞ்சிவிடும். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை என்றால் நல்ல வடிகால். 2.5க்குக் கீழே என்றால் அடியில் தடை இருக்கிறது. 10க்கு மேல் என்றால் தண்ணீரும் உரமும் நிற்காத மண். நிலத்தில் மூன்று இடத்திலாவது பார்க்கவேண்டும். மேட்டுப் பக்கமும் ஓடைப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

மேல பாத்தா நல்ல மணல் செம்மண்ணுதான். ஆனா ஐப்பசி மழைக்கு மூணு நாள் தண்ணி கட்டிக் கெடக்கு. ஏன் அண்ணாச்சி?

மேல்மண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் இது. செம்மண்ணில் மேலிருந்து இறங்கும் நுண்ணிய களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் அரை அடி, ஒரு அடி ஆழத்தில் படிந்து கடினத்தட்டாக இறுகும். வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினாலும் இதே தட்டு உருவாகும். நாலடி நீள இரும்புக் கம்பியை ஈர மண்ணில் குத்திப் பாருங்கள். சரசரவென்று இறங்கி, ஓரிடத்தில் சட்டென்று நின்று, பலம் கொடுத்துத் தாண்டியதும் மறுபடி இறங்கினால் அது தட்டு. கடைசிவரை இறங்கவே இல்லையென்றால் பாறை அல்லது சுண்ணாம்புச் சரள்.

தட்டு என்றால் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், 40–50 செ.மீ. ஆழத்துக்கு, நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டவேண்டும். கோடையில், மண் காய்ந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். காய்ந்த தட்டு நொறுங்கும், ஈரத்தட்டில் கலப்பை கத்தி போட்டதுபோல் கீறல் மட்டும் விட்டுப்போகும். உடனே 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ போட்டு உழவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே பழையபடி இறுகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். பாறைக்கும் சரளுக்கும் உளிக்கலப்பை உதவாது. அங்கே மேட்டுப்பாத்தியும் வடிகால் வாய்க்காலும்தான் வழி.

தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க பாய்ச்சணும்?

நாளைச் சொல்லிவிடலாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டால் எல்லாப் பயிருக்கும் உதவும். இந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுக்கக்கூடிய நீராக 100–120 மி.மீ. பிடித்து வைக்கும். களிமண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிடிக்கும். நிலக்கடலை வேர் வேலை செய்யும் ஆழம் 45 செ.மீ. என்று கொண்டால் சுமார் 50 மி.மீ. இருப்பு. அதில் பாதி, அதாவது 25 மி.மீ. தீர்ந்ததும் அடுத்த தண்ணீர் விடவேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. போகும், ஆகவே ஐந்து நாளைக்கு ஒருமுறை. சின்ன வெங்காயத்தின் வேர் ஒரு சாண் ஆழத்தைத் தாண்டாது, வாட்டமும் தாங்காது. அதற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தேவை.

அளவும் முக்கியம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். 25 மி.மீ.க்கு ஒரு லட்சம் லிட்டர். உங்கள் மோட்டார் 200 லிட்டர் டிரம்மை 36 நொடியில் நிரப்பினால் மணிக்கு 20,000 லிட்டர் தருகிறது, ஐந்து மணி நேரம் ஓட்டினால் போதும். எட்டு மணி நேரம் ஓட்டினால் மிச்ச மூன்று மணி நேரத் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும், போகும்போது உரத்தையும் கொண்டுபோகும்.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது இந்தக் கணக்கு ஒரு நாள் முந்தும். வெயில் குறைந்திருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, காற்றே ஈரத்தை இழுத்துவிடும்.

எவ்வளவு நேரம் ஓடினாலும் கடைசிப் பாத்திக்குத் தண்ணி போக மாட்டேங்குது. தலைமடையில மட்டும் குளமா நிக்குது.

இந்த மண் மணிக்கு 20–30 மி.மீ. தண்ணீரைக் குடிக்கும். நீளப் பாத்தியில் மெல்லிய ஓட்டமாக விட்டால் தண்ணீர் நகர்வதற்குள் தலைமடை மண்ணே குடித்துவிடும். பாத்தியைச் சுருக்குங்கள், 10 முதல் 20 சதுர மீட்டருக்கு மேல் வேண்டாம். நான்கு மடையைச் சேர்த்துத் திறக்காமல் ஒவ்வொன்றாக, வேகமான ஓட்டமாக விடுங்கள். மண் வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சொட்டுநீர் போட்டிருக்கோம். மேல காஞ்சே தெரியுது, தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஒரு மணி நேரம் விடுதோம். சரியா?

சரியில்லை. களிமண்ணில் சொட்டுநீர் பக்கவாட்டில் பரவும், இங்கே நேராகக் கீழே இறங்கும். மேலே தெரியும் ஈர வட்டம் சின்னதாகத்தான் இருக்கும். சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு அடி ஆழம் தோண்டி ஈரம் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் போதும். பக்கம் காய்ந்து, அடியில் இரண்டடி வரை சேறாக இருந்தால் நேரத்தைக் கூட்டுவதில் பயனில்லை. இரண்டு மணி நேரத்தைக் காலையும் மாலையும் ஒவ்வொரு மணியாகப் பிரியுங்கள். காய்கறிக்குச் சொட்டுவான் இடைவெளி 30–40 செ.மீ. இருக்கட்டும். 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் உள்ள லேட்டரலை (பக்கக் குழாயை) விலை குறைவென்று வாங்கினால் நடுவில் உள்ள செடி எப்போதும் சோர்ந்துதான் நிற்கும்.

யூரியா போட்டா ஒரு வாரம் கரும்பச்சை. அப்புறம் மறுபடி மஞ்சள். உரம் போலியோ?

பெரும்பாலும் உரத்தில் குறையிருக்காது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறியபின் அதைப் பிடித்து வைக்க மண்ணால் முடியாது, தண்ணீரோடு இறங்கிவிடும். சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இந்த மண்ணில் ஓரளவு இறங்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இறங்காது. அது செம்மண்ணின் இரும்போடு சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும் வகை. அதனால் மணிச்சத்தை அடியுரமாக வேருக்குப் பக்கத்தில் மொத்தமாகக் கொடுங்கள். தழைச்சத்தையும் (யூரியா தரும் நைட்ரஜன்) சாம்பல் சத்தையும் பிரித்துக் கொடுங்கள். வாழைக்கு 3, 5, 7ஆம் மாதம் என்று மூன்று தவணை சொல்வார்கள். இந்த மண்ணில் அதையே ஐந்தாறாகப் பிரிக்கலாம், மொத்த அளவு மட்டும் கூடக்கூடாது. உரம் வைத்த மறுநாளே முழுத்தண்ணீர் பாய்ச்சுவதும், கனமழை அறிவிப்பு இருக்கும்போது உரம் வைப்பதும் காசை ஓடையில் விடுவதுதான்.

மஞ்சளிலும் வகை உண்டு. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. சுண்ணாம்புச் சரள் அடியில் உள்ள நிலத்தில் கடலையிலும் எலுமிச்சையிலும் இது வரும். அதற்கு யூரியா போட்டு ஒன்றும் ஆகாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளியுங்கள்.

வருஷா வருஷம் குப்பை அடிக்கோம். ஆனா மண்ணுல அதோட தடமே இல்லையே?

காற்றோட்டமும் வெப்பமும் உள்ள மண்ணில் மக்கு சீக்கிரம் எரிந்துபோகும். பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் இங்கே வழக்கம். ஒரே வருஷம் 20 டன் கொட்டி மூன்று வருஷம் சும்மா இருப்பதைவிட, வருஷம் 5 டன் தவறாமல் போடுவது மேல். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பது இந்த மண்ணுக்கு நன்றாகவே பொருந்தும். ராத்திரி ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்துக் கிடை அமர்த்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள், மறுநாளே மேலாக உழுது மூடிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் மூத்திரத்தின் சத்து ஆவியாகிவிடும்.

பசுந்தாள் உரப் பயிரில் சணப்பு 10–14 கிலோ விதைத்து, பூக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழலாம். தண்ணீர் இல்லாத காட்டுக்குக் கொளுஞ்சி நல்லது, 6–8 கிலோ போதும். அதன் விதைத்தோல் கடினம், வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைத்துப் போடாவிட்டால் பாதி முளைக்காது.

குளத்து வண்டல் அடிக்கலாமா? எவ்வளவு?

இந்த மண்ணுக்குக் குறைவது களி, கரம்பை என்று சொல்லும் குளத்து வண்டலில் இருப்பது களி. இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. ஒருமுறை அடித்தால் மக்குபோல் எரிந்துபோகாமல் வருஷக்கணக்கில் நிற்கும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அரசு அனுமதிக்கும் அளவு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. நிலம் முழுக்கப் பரப்பினால் 90 கன மீட்டர் என்பது சுமார் 2 செ.மீ. கனம்தான். ஒரு டிப்பர் 3 கன மீட்டர் என்றால் முப்பது நடை.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். வண்டலைக் குவியலாக விட்டு மழை பெய்தால் அந்த இடம் மட்டும் களியாகும். பரப்பிக் காயவைத்து, கட்டி உடைந்தபின் உழுது கலக்கவேண்டும். மடைவாயில் அள்ளியது பெரும்பாலும் மணலாக இருக்கும், குளத்து நடுவில் வெடிப்பு விட்ட இடத்தில் அள்ளுங்கள். கோரைக்கிழங்கும் சீமைக் கருவேல விதையும் கூடவே வரும், முதல் வருஷம் களை கூடும். உப்புப் பூத்த குளமென்றால் பரிசோதிக்காமல் ஒரு நடைகூட அடிக்காதீர்கள்.

விதைச்ச மறுநாள் மழை. மேல பொருக்குத் தட்டிப்போய் முளை வரல. என்ன செய்யது?

அப்போதைக்கு, முளை பொருக்கைத் தொடுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து மேற்பரப்பை இளக்குங்கள். முள்வாரி கொண்டு கீறுவதென்றால் விதை ஆழத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, விதைப்புக்கு முன் ஈரப்பதத்தில் உழுது 800 கிலோ ஜிப்சம் தூவி மறுஉழவு செய்து, 5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவு சேர்க்கவேண்டும்.

எங்க மண்ணுல உவரே இல்ல. கடலைக்கு எதுக்கு ஜிப்சம்?

மேலே பொருக்குக்குச் சொன்ன ஜிப்சம் வேறு, இது வேறு. இங்கே ஜிப்சம் சுண்ணாம்புச் சத்துக்கும் கந்தகத்துக்கும் போடும் உணவு. கடலைக்காய் சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை, மண்ணுக்குள் இறங்கிய காயே தோல் வழியாக உறிஞ்சும். மணல் மண்ணில் அது குறைவு, அதனால்தான் பொக்குக் காய். 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது 160 கிலோவைச் செடியின் தூரை ஒட்டிப் போட்டு அணைக்கவேண்டும். அடியுரத்தோடு முழுவதையும் போட்டால் காய் இறங்கும் நேரத்தில் மேல்மண்ணில் மிஞ்சியிருக்காது. பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கிய பிறகு கொத்தவே கூடாது.

இந்த மண்ணுல நெல் போடலாமா?

முடியும், தண்ணீர் செலவு தாங்காது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் விளையும் வயல்கள் தலைமுறைகளாகச் சேறடித்து அடித்தட்டு இறுகியவை. புதிதாக நெல் வைக்கும் புஞ்சையில் தினமும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். 400 கிலோ உருளையைப் பதமான ஈரத்தில் எட்டு முறை ஓட்டி இறுக்குவது ஒரு முறை. ஆனால் பிறகு கடலைக்குத் திரும்பும்போது அந்த இறுக்கமே பகையாகும். எங்கள் கருத்து, நெல் பயிரை வண்டல் நிலத்துக்கு விட்டுவிடுங்கள். நிலக்கடலை, முருங்கை, எலுமிச்சை, சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய், கத்தரி, தர்ப்பூசணி, மரவள்ளி எல்லாம் இந்த மண் கேட்கும் பயிர்கள். திருநெல்வேலி பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கும் சென்னா என்ற நிலாவாரையும் இந்த மண்ணின் பயிர்தான். வாட்டம் தாங்கும், தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும்.

தேரிக்காட்டு மண்ணும் இதுதானே?

இல்லை. தேரி, காற்று கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல், களி மிகமிகக் குறைவு. பனை, முந்திரி, முருங்கைக்கு மேல் எதுவும் செலவு பிடிக்கும். இரண்டாம் கேள்வியில் சொன்ன உருண்டைச் சோதனையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கிணத்துத் தண்ணி உப்பு. ஆனா மண்ணு வடியுற மண்ணு. சமாளிக்குமா?

திசையன்விளை, கடற்கரைப் பக்கம் கேட்கும் கேள்வி. ஓரளவு சமாளிக்கும். வடியும் மண்ணில் தேவைக்கு மேல் 15–20 சதவீதம் தண்ணீர் விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும், வடகிழக்குப் பருவமழை மிச்சத்தைக் கழுவும். தண்ணீரைச் சிக்கனமாக விடச் சொன்ன முந்தைய பதிலுக்கு இது விலக்கு. தெளிப்பான் வேண்டாம், இலை கருகும். வெங்காயம் உப்பு தாங்காது, தென்னை தாங்கும்.

ஆனால் தண்ணீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால் கதை வேறு. சோடியம் களித்துகளைக் கலைத்து மண்ணின் கண்களை அடைக்கும். 15 சதவீதம் களி உள்ள மண்ணிலேயே தண்ணீர் தேங்கத் தொடங்கும். நாக்கில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீர்ப் பரிசோதனையில் உப்பின் அளவோடு எஞ்சிய சோடியம் கார்பனேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கத்தரி வேர்ல முண்டு முண்டா இருக்கு. மண்ணுதான் காரணமா?

வேர்முடிச்சு நூற்புழு. மணல் மண்ணின் இடைவெளிகளில் அது எளிதாக நகரும், ஆகவே இங்கே தொல்லை கூடுதல். கத்தரி, தக்காளி, வெண்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வளர்ந்துகொண்டே போகும். நடுவில் ஒரு போகம் கேந்தி (செண்டுமல்லி) அல்லது கடலை போடுங்கள், வேப்பம் பிண்ணாக்கு 100 கிலோ அடியுரமாகக் கொடுங்கள், சித்திரையில் கோடை உழவு செய்து மண்ணைக் காயப்போடுங்கள். கடலை வேரில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு முண்டுகள் நன்மை செய்பவை. கிள்ளினால் தனியாக வந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தனியாக வராது.

மண் பரிசோதனைக்கு எங்க, எப்படி எடுக்கது?

வரப்பு, வாய்க்கால், குப்பைமேடு, மரநிழல் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாக 10–15 இடம். ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். வாழைக்கு 22 செ.மீ. ஆழம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைக் கழித்து, அரை கிலோ வரும்வரை குறைத்து நிழலில் உலர்த்துங்கள். உரப்பையில் போடாதீர்கள்.

ரெண்டு ஏக்கர் விலைக்கு வருது. செம்மண்ணு, நல்ல வடிகால்னு சொல்லுதாவ. என்னத்தப் பாத்து வாங்கணும்?

தோட்டத்தில் மூன்று இடத்தில் மூன்றடி குழி எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். எத்தனை அங்குலத்தில் நிறம் மாறுகிறது, எங்கே சரள் தொடங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். மேல்மண் ஒரு அடிதான் என்றால் காய்கறிக்கும் கடலைக்கும் சரி, எலுமிச்சைக்கும் தென்னைக்கும் விலை கொடுக்காதீர்கள். சிவப்பு மண்ணில் சாம்பல் நிறப் புள்ளிகளோ மஞ்சள் திட்டுகளோ தெரிந்தால் அந்த ஆழத்தில் வருஷத்தில் சில வாரம் தண்ணீர் நிற்கிறது என்று பொருள், கோடையில் எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி. குழித் தண்ணீர்ச் சோதனையும் இரும்புக் கம்பியும் அங்கேயே அன்றைக்கே பார்த்துவிடலாம். முடிந்தால் கார்த்திகையில் கனமழை விட்ட மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்பணம் கொடுக்குமுன் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணைக் கரம்பை அடித்தாவது திருத்தலாம், சோடியம் ஏறிய கிணற்றைத் திருத்த முடியாது.